ட்ரையரின் ஜோன் ஆஃப் ஆர்க் (1928): அழுத முகமா, பதில் சொன்ன முகமா?

#1 கொட்டகைவாசல்

மௌனப் படங்களைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் டேனிஷ் இயக்குநர் கார்ல் தியோடர் ட்ரையரின் ஜோன் ஆஃப் ஆர்க் வந்துவிடும். பிரான்ஸுக்காக ஆங்கிலேயரோடு போரிட்டுப் பிடிபட்டு, திருச்சபை விசாரணைக்குப் பிறகு எரித்துக் கொல்லப்பட்ட ஜோனின் கதை. வந்ததும் யாராவது "அந்தக் கண்ணீர் இருக்கே..." என்று ஆரம்பிப்பார்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும். போன வாரம் நான்காவது முறையாகப் பார்த்தேன். இந்த முறை எனக்கு வேறொன்று பட்டது. அதை இங்கே வைக்கிறேன், மறுப்பு இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள்.

கண்ணீர் வருவதற்கு முன்னால் ஒரு நொடி இருக்கிறது. கேள்வி காதில் விழுகிறது. புரிகிறது. இதில் என்ன பொறி வைத்திருக்கிறார்கள் என்று ஜோன் தேடுகிறாள். பதில் கிடைக்கிறது. அதற்குப் பிறகுதான் கண் நிறைகிறது. ரெனே ஃபால்கோனெட்டி என்ற நடிகை படம் முழுக்க இந்த ஒரு நொடியைத்தான் திரும்பத் திரும்ப நடித்திருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத 19 வயதுப் பெண், வேதம் கரைத்துக் குடித்த கிழவர்கள் ஒரு கூட்டமாக உட்கார்ந்து கேட்கும் கேள்விகளுக்குத் தனியாக நின்று பதில் சொல்கிறாள். படத்தின் கதையே அவ்வளவுதான். போர் கிடையாது, குதிரை கிடையாது, முடிசூட்டு விழா கிடையாது.

படம் எப்படித் தொடங்குகிறது என்று கவனித்தீர்களா? ஒரு பழைய கையெழுத்துச் சுவடியின் பக்கங்களை ஒரு கை புரட்டுகிறது. பாரிஸில், நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கும் விசாரணைப் பதிவு அது. 1431இல் ரூவான் நகரில் நடந்த விசாரணையில் கேட்ட கேள்வியையும் சொன்ன பதிலையும் எழுத்தர்கள் உட்கார்ந்து எழுதி வைத்தார்கள். வரலாற்றாசிரியர் பியேர் ஷாம்பியோன் அந்தப் பதிவை அச்சில் கொண்டுவந்தவர். ட்ரையர் அவரையே ஆலோசகராக வைத்துக்கொண்டார். மாதக்கணக்கில் நடந்ததை ஒரே நாள் போல ஆக்கினார். ஆனால் அவள் வாயில் வரும் பதில்களில் பெரும்பாலானவை பதிவில் உள்ளவை. ஏறக்குறைய அறுநூறு ஆண்டுக்கு முந்திய ஒரு பெண்ணின் சொந்தப் பேச்சு. அதனால்தான் வசனத்தை எழுதிக் காட்டும் டைட்டில் கார்டு வரும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

வானதூதரான மிக்கேல் சம்மனசு உனக்குக் காட்சி கொடுத்தாரே, அப்போது உடை இல்லாமல் இருந்தாரா என்று கேட்கிறார்கள். "அவருக்கு உடுத்தக் கொடுக்கக் கடவுளிடம் ஒன்றுமில்லை என்று நினைக்கிறீர்களா?" என்கிறாள். தலைமுடி நீளமாக இருந்ததா என்றால், "அதை எதற்கு வெட்ட வேண்டும்?" இதில் குறும்பு துளியும் கிடையாது. கேட்ட கேள்விக்குத் தனக்குத் தெரிந்த நேரான பதிலைச் சொல்கிறாள். எதிரில் இருக்கும் முகங்கள்தான் கோணிப்போகின்றன.

உங்கள் கருத்து என்ன?

#2 தெருவிளக்கு

இந்தப் படத்தைப் பற்றி யாரும் மாற்றுக் கருத்துச் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். கோபிக்க வேண்டாம்.

எனக்கு இந்தப் படம் பாதிக்கு மேல் தாங்கவில்லை. முகம், முகம், மறுபடியும் முகம். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார், அறை எவ்வளவு பெரியது, கதவு எந்தப் பக்கம் என்று ஒன்றும் தெரியவில்லை. மௌனப் படங்களில் எனக்குப் பிடித்ததே அந்தத் தெரு, அந்தக் கூட்டம், ஓடுகிற ரயில், அசைகிற மரம். இங்கே எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஒரு பெண்ணை ஒன்றரை மணி நேரம் அழவிட்டிருக்கிறார்கள். கண்ணீருக்கு மயங்காத மனிதர் யார்? ஆனால் அழவைப்பது மட்டும் கலை ஆகிவிடுமா?

//ஃபால்கோனெட்டி என்ற நடிகை படம் முழுக்க இந்த ஒரு நொடியைத்தான் திரும்பத் திரும்ப நடித்திருக்கிறார்//

இந்த வரி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் படத்தில் அது எனக்குக் கிடைக்கவில்லை. உண்மையாகச் சொல்கிறேன்.

#3 பிலிம்சுருள்

நான் படத்தொகுப்பு மேசையில் 14 வருடமாக வேலை பார்க்கிறவன். தெருவிளக்கு சொன்ன குறை, அதாவது யார் எங்கே என்று தெரியவில்லை என்பது, நூற்றுக்கு நூறு சரி. ட்ரையர் அதைத் தெரிந்தே செய்தார்.

எங்கள் வேலையில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது, இருவர் பேசினால் ஒருவர் இடப்பக்கம் பார்க்க வேண்டும், மற்றவர் வலப்பக்கம் பார்க்க வேண்டும், நடுவில் ஒரு கோடு, கேமரா அதைத் தாண்டக் கூடாது. இந்தப் படத்தில் அந்தக் கோட்டை ட்ரையர் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஜோன் ஒரு பக்கம் பார்க்கிறாள், கேள்வி கேட்பவர் எந்தப் பக்கத்திலிருந்து கேட்கிறார் என்று நமக்குப் பிடிபடாது. முழு அறையையும் காட்டும் ஷாட் அபூர்வம். பின்னால் வெறும் வெள்ளைச் சுவர். படத்தில் மொத்தம் 1500க்கும் மேல் ஷாட்கள். அந்தக் காலத்துக்கு அது மிக அதிகம். ஆகப் படம் மெதுவாகப் போவது போலத் தோன்றினாலும் கட் படபடவென்று விழுந்துகொண்டே இருக்கிறது. ஒரு ஆளைச் சுற்றி நின்று நாலாபுறமும் கேள்வி கேட்டால் அவன் யார் பக்கம் திரும்புவான்? அந்தக் கிறுகிறுப்பு நமக்கும் வர வேண்டும் என்பதற்காகத்தான் அவர் நம் காலடியிலிருந்து தரையை உருவிவிட்டார்.

இன்னொரு விஷயம் கேமராவின் உயரம். நீதிபதிகளைக் கீழேயிருந்து பார்க்கிறோம். அதற்காகத் தரையில் அங்கங்கே குழி வெட்டி அதற்குள் கேமராவை இறக்கினார்கள். குழி வெட்டி வெட்டி அலுத்துப்போன தொழிலாளிகள், ஓட்டை விழுந்த க்ருயேர் பாலாடைக்கட்டியின் பெயரையே ட்ரையருக்கு வைத்தார்களாம்.

ஒளிப்பதிவு ருடால்ஃப் மாத்தே. அப்போதுதான் பரவலாகிவந்த பான்க்ரோமாட்டிக் பிலிமைப் பயன்படுத்தினார். அதற்கு முந்திய பிலிம் சிவப்பு நிறத்தை வாங்காது. உதடும் தோலும் கறுத்துத் தெரியும், அதனால் நடிகர்களுக்கு வெள்ளையடித்த மாதிரி மேக்கப் போடுவார்கள். இந்தப் படத்தில் ஒருவர் முகத்திலும் மேக்கப் கிடையாது. மரு, தோல் சுருக்கம், வெடித்த உதடு, வழியும் எச்சில், எல்லாம் அப்படியே. ஒருவர் கோபத்தில் கத்தும்போது எச்சில் தெறித்து ஜோன் கன்னத்தில் விழுகிறது. ஓர் இடத்தில் ஈ ஒன்று அவள் முகத்தில் வந்து உட்கார, கையால் தள்ளுகிறாள். வேறு யாராக இருந்தாலும் "கட், மறுபடி எடுப்போம்" என்றிருப்பார்கள். ட்ரையர் அதை வைத்துக்கொண்டார்.

#4 கொட்டகைவாசல்

பிலிம்சுருள், கோடு தாண்டுவதைப் பற்றி இத்தனை தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. நன்றி.

அதோடு ஒரு வியப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாம் பார்க்காத அந்த அறைகளும் கோட்டையும் உண்மையிலேயே கட்டப்பட்டவை. பாரிஸுக்கு வெளியே பெட்டி கிளாமார் என்ற இடத்தில் மதில், கோபுரம், வீடுகள், தேவாலயம் என்று ஒரு சிறிய ஊரையே எழுப்பினார்கள். வடிவமைத்தவர்கள் ஹெர்மன் வார்மும் ழான் ஹ்யூகோவும். வார்ம், டாக்டர் கலிகரி என்ற ஜெர்மன் மௌனப் படத்தின் கோணல்மாணல் வீடுகளை உருவாக்கியவர்களில் ஒருவர். இங்கே இடைக்காலச் சுவடிகளில் வரும் சின்னச் சின்ன ஓவியங்களைப் பார்த்து ஜன்னலையும் வாசலையும் கொஞ்சம் கோணலாக வைத்தார்கள். சுவர்களுக்கு இளஞ்சிவப்புச் சாயம் பூசினார்கள், கறுப்பு வெள்ளையில் வானத்திலிருந்து கொஞ்சம் மங்கலாகப் பிரிந்து தெரிய வேண்டுமென்று. இத்தனையும் செய்துவிட்டு அதைக் காட்டவே இல்லை. பணம் போட்டவர்கள் கொதித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் நடிகர்கள் அந்த ஊருக்குள் நடமாடினார்கள். நீதிபதிகளாக நடித்தவர்கள் குருமார்கள் போல உச்சந்தலையை மழித்துக்கொண்டார்கள், மேலே தொப்பி போட்டு மறைந்திருந்தாலும்கூட. கதை நடக்கும் வரிசையிலேயே படமாக்கினார்கள். அந்த முகங்களில் தெரிவது அந்த ஊரில் மாதக்கணக்கில் வாழ்ந்த களைப்பு.

#5 கடலோரக்காரன்

முதலில் தலைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தப் படத்தின் பிரெஞ்சுப் பெயரில் உள்ள 'பாஸியோன்' (Passion) என்ற சொல்லை "பேரார்வம்" என்று சிலர் தமிழாக்கி எழுதுகிறார்கள், மனசு வலிக்கிறது. எங்கள் கடற்கரையில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் அதற்குச் சரியான சொல்லைச் சொல்லும். பாடுகள். ஆண்டவரின் திருப்பாடுகள். ஜோனின் பாடுகள் என்பதுதான் பெயர்.

அப்படி வாசித்தால் படமே வேறு மாதிரி திறக்கிறது. தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை தோறும் சிலுவைப்பாதை செய்து வளர்ந்தவன் நான். இயேசு சிலுவை சுமந்து போனதை நினைத்து ஒவ்வொரு தலமாக நின்று நின்று போவோம். இந்தப் படமும் நின்று நின்றுதான் போகிறது. சிறையில் சிப்பாய்கள் அவள் பின்னிய வைக்கோல் முடியை அவள் தலையில் வைத்து, கையில் ஓர் அம்பைச் செங்கோல் போலக் கொடுத்து, கேலி செய்கிறார்கள். அப்படியே முள்முடித் தலம். நற்கருணையை, அதாவது இயேசுவின் உடலாக நாங்கள் பெறும் அப்பத்தை, கண்முன் கொண்டுவந்து வைத்து, சொன்னதெல்லாம் பொய் என்று கையெழுத்துப் போட்டால் தருகிறோம் என்று சொல்லித் திரும்ப எடுத்துப் போகும் இடம் எனக்கு எல்லாவற்றையும் விடக் கொடியது. நெருப்பைவிட. பசித்தவன் வாய் வரை சோற்றைக் கொண்டுபோய்த் திருப்பி எடுப்பது போல.

கொட்டகைவாசல் அண்ணன் சொன்ன கேள்வி விஷயத்துக்கு ஒரு சாட்சி. "நீ இறைவனின் அருள்நிலையில் இருக்கிறாயா?" என்று கேட்கிறார்கள். இருக்கிறேன் என்றால் ஆணவம், திருச்சபைக்கு விரோதம். இல்லை என்றால் தன் பாவத்தைத் தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்தோனன் ஆர்த்தோ நடித்த இளம் துறவி மாசியூவின் முகம் பதறுகிறது. அவள் சொல்கிறாள்: இருந்தால் இறைவன் என்னை அதிலேயே வைத்திருக்கட்டும், இல்லையென்றால் என்னை அதில் சேர்க்கட்டும்.

இது 1431இல் நிஜமாகவே சொல்லப்பட்ட பதில். எங்கள் பங்கில் மறைக்கல்வி எடுத்த கன்னியாஸ்திரி ஒருவர் இதை எங்களுக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தார், ஜெபம் மாதிரி. பிறகு எத்தனையோ வருடம் கழித்துப் படத்தில் அது வந்தபோது, அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே நான் வாய்க்குள் சொல்லிவிட்டேன்.

#6 தெருவிளக்கு

கடலோரக்காரன் ஐயா, நற்கருணைக் காட்சியை நீங்கள் விளக்கிய பிறகு அதன் கனம் புரிகிறது. எனக்கு அந்தப் பின்னணி இல்லாததால் அங்கே என்ன பறிக்கப்படுகிறது என்றே தெரியாமல் பார்த்திருக்கிறேன்.

ஆனால் என் முக்கியமான உறுத்தல் வேறு. அந்த நடிகையைக் கல்தரையில் மண்டியிட வைத்து, மணிக்கணக்கில் வதைத்து, தலையை மழித்து எடுத்த படம் என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். ஒரு பெண்ணை வதைக்கும் ஆண்களைக் கண்டிக்கும் படத்தை, ஒரு பெண்ணை வதைத்து எடுத்தால் அது எப்படி? இதற்கு யாராவது பதில் சொல்ல வேண்டும்.

#7 நேர்வகிடு

நான் சொல்கிறேன். மேடை நாடகத்தில் 11 வருடமாக நடிக்கிறேன்.

முதலில் ஃபால்கோனெட்டி யார் என்று பார்ப்போம். 1892இல் பாரிஸ் பக்கத்தில் பாந்தானில் பிறந்தவர். நாடக நடிகை. ட்ரையர் அவரைக் கண்டெடுத்தது ஒரு மெல்லிய, உல்லாசமான நாடகத்தில். அதைப் பார்த்துவிட்டு, இந்த ஒப்பனைக்குப் பின்னால் வேறொரு முகம் இருக்கிறது என்று நினைத்திருக்கிறார். ஒப்பனை இல்லாமல் கேமரா முன்னால் உட்காரவைத்துப் பார்த்தார். அவர் தேடிய கிராமத்துப் பெண் அங்கே இருந்தாள். இதற்கு முன்பு 1917இல் ஃபால்கோனெட்டி சினிமாவில் தலைகாட்டியிருக்கிறார், பின்னால் பெரிய படம் எதுவும் இல்லை. மேடைக்கே திரும்பினார். போர்க்காலத்தில் தென் அமெரிக்கா போய், 1946இல் புவனஸ் அயர்ஸில் இறந்தார்.

வதை பற்றி. ட்ரையர் கடுமையான ஆள், அதை மறைக்க வேண்டாம். ஒரே உணர்ச்சியைத் திரும்பத் திரும்ப எடுத்தார். ஆனால் "வதைத்தார், அவள் அழுதாள், படம் ஆனது" என்பது ஒரு நடிகையின் வேலையை அவளிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும் பேச்சு. வதைத்தால் அழுகைதான் வரும். பதில் சொல்லும் முகம் வராது. எடுத்த காட்சிகளை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்து, இது பொய், இந்தத் துண்டு மட்டும் மெய் என்று தேடி, மறுநாள் அந்த மெய்யான துண்டிலிருந்து தொடங்கியதாக ட்ரையரே சொல்லியிருக்கிறார். அது ஒத்திகை. எங்கள் தொழில் அதுதான்.

கல்லும் முட்டியும் பற்றிய கதைகள் ஒரு பங்கு உண்மையாக இருந்தாலும் எனக்கு வலிக்கிறது. அதை நியாயப்படுத்த மாட்டேன்.

தலைமுடிக்கு வருகிறேன். ஃபால்கோனெட்டி முதலில் வேண்டாம் என்று கெஞ்சியிருக்கிறார், பிறகு சம்மதித்தார். அந்த நாளில் தளமே மூச்சடங்கிக் கிடந்தது, தொழிலாளிகள் கண்கலங்கினார்கள் என்று உடனிருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்தக் காட்சியை என்னால் ஒரு நடிகையாகப் பார்க்க முடியவில்லை. என் அப்பாவின் அத்தை 17 வயதில் தாலியறுத்தவர். நாவிதரை வரவழைத்து, கொல்லைப்புறத்தில் உட்காரவைத்து, முடி எடுத்தார்கள். எனக்கு நினைவு தெரிந்த நாளில் அவருக்கு எழுபது வயது, முக்காட்டை நெற்றி வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டே இருப்பார். ஒரே ஒரு முறை அந்த நாளைப் பற்றிச் சொன்னார். "அழவே இல்லடி. கீழ விழுந்த மயிரைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். யாரோ பெருக்கித் தள்ளிட்டாங்க" என்றார்.

படத்தில் அந்த இடத்தை மறுபடி பாருங்கள். முடி விழுகிறது. அதைப் பெருக்குகிறார்கள். பெருக்கும்போது அவள் பின்னிய வைக்கோல் முடியும் சேர்ந்து குப்பையாகப் போகிறது. அதைப் பார்த்ததும்தான் அவள் மனசு திரும்புகிறது. உயிருக்குப் பயந்து போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன், நீதிபதிகளைக் கூப்பிடுங்கள் என்கிறாள். எந்தச் சாமியாரும் போதிக்கவில்லை, எந்த அசரீரியும் கேட்கவில்லை. துடைப்பத்தின் முன்னால் போகும் கொஞ்சம் வைக்கோல்.

#8 பிலிம்சுருள்

நேர்வகிடு, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். இதற்கு மேல் அந்தக் காட்சியைப் பற்றி நான் பேசப் போவதில்லை.

#9 பெட்டிச்சாவி

இழையைத் தாமதமாகத்தான் பார்த்தேன். படத்தின் உள்ளே நடப்பதைப் பற்றி நன்றாகப் பேசியிருக்கிறீர்கள். படச்சுருளுக்கு நடந்ததைப் பற்றி நான் சொல்கிறேன். பழைய பிரதிகளைத் தேடி அலைவதுதான் என் பொழுதும் பிழைப்பும்.

படம் முதலில் கோபன்ஹேகனில் 1928 ஏப்ரலில் திரையிடப்பட்டது. பிரான்ஸில் வெளியாவதற்குள் பாரிஸ் பேராயர் தரப்பும் அரசுத் தணிக்கையும் கத்திரி போட்டுவிட்டன. இங்கிலாந்தில் ஆங்கிலேயச் சிப்பாய்களைக் கேவலமாகக் காட்டியதாகத் தடை. இதெல்லாம் மனிதர்கள் செய்தது. பிறகு நெருப்பு. 1928 டிசம்பர் 6ஆம் தேதி பெர்லினில் ஊஃபா என்ற பட நிறுவனத்தின் கூடத்தில் தீப்பிடித்து மூல நெகட்டிவ் எரிந்துபோனது. அப்போதைய நைட்ரேட் பிலிம் ஒருமுறை பற்றினால் தண்ணீரிலும் அணையாது.

ட்ரையர் என்ன செய்தார் தெரியுமா? ஒதுக்கி வைத்த டேக்குகளிலிருந்து முழுப் படத்தையும் ஷாட் ஷாட்டாக மறுபடி கோத்தார். ஒவ்வொன்றையும் அத்தனை முறை எடுத்து வைத்திருந்ததால் அது சாத்தியமானது. அந்த இரண்டாவது நெகட்டிவும் 1929இல் வேறொரு கூடத்தில் நடந்த தீயில் போனது. நெருப்பில் எரிந்த பெண்ணைப் பற்றிய படம் இரண்டு முறை எரிந்தது.

1951இல் லோ துக்கா என்பவர், காமோன் நிறுவனத்தின் கிடங்கில் இரண்டாவது வடிவத்தின் ஒரு நெகட்டிவ் பிரதியைக் கண்டெடுத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பாக், விவால்டி, அல்பினோனி என்று இசையைப் போட்டு, டைட்டில் கார்டுகள் பலவற்றை எடுத்துவிட்டு வசனத்தைப் படத்தின் மேலேயே ஓட்டினார். ட்ரையருக்கு அது பிடிக்கவே இல்லை. ஆனால் உலகம் பல ஆண்டுகள் பார்த்தது அதையும் அது போன்ற சிதைந்த பிரதிகளையும்தான். ட்ரையர் 1968இல் இறந்தார். தன் படம் போய்விட்டது என்று நினைத்தபடியே போய்விட்டார்.

1981இல் ஆஸ்லோ பக்கத்தில் டிக்கேமார்க் மனநல மருத்துவமனையில், துப்புரவுச் சாமான் வைக்கும் அறையில் சில பிலிம் பெட்டிகள் கிடைத்தன. நார்வே திரைப்படக் கழகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அவை திறக்கப்படாமல் மூன்று ஆண்டு கிடந்தன. 1984இல் திறந்தால், டேனிஷ் டைட்டில் கார்டுகளோடு, தணிக்கைக் கத்திரி படாத, எரிந்துபோன அந்த முதல் வடிவம். நல்ல நிலையில்.

இதைச் சொல்லும்போது எனக்கு நம்மூர் நினைவு வராமல் இருக்காது. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த கீசகவதம், தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படம், ஓர் அடி பிலிம்கூட மிஞ்சவில்லை. மாறாக நாகர்கோவில்காரர் சுந்தர்ராஜ் தயாரித்து பி. வி. ராவ் இயக்கிய மார்த்தாண்ட வர்மா பிழைத்தது. எப்படி? படத்துக்கு மூலமான அதே பெயருள்ள நாவலின் பதிப்புரிமை வைத்திருந்த கமலாலயா புத்தக நிலையம் வழக்குத் தொடுத்தது. படம் முடங்கியது, பிரதி அவர்கள் வசம் போனது, பல பத்தாண்டுகள் கழித்துப் புனே ஆவணக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தது. ஓடியிருந்தால் தேய்ந்து அழிந்திருக்கும், ஓடாததால் மிஞ்சியது. எந்தப் பிரதி எங்கே கிடக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. உங்கள் ஊரில் மூடிய கொட்டகையின் பரணில் துருப்பிடித்த பெட்டி இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். திறக்கவும் வேண்டாம். முதலில் விஷயம் தெரிந்தவர்களிடம் காட்டுங்கள்.

#10 கொட்டகைவாசல்

பெட்டிச்சாவி, மருத்துவமனைக் கதையை அரைகுறையாகத்தான் கேட்டிருந்தேன். மூன்று ஆண்டு திறக்காமல் கிடந்தது தெரியாது. நெஞ்சு படபடக்கிறது.

அப்புறம், புதிதாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று. மறுசீரமைத்த பிரதி இரண்டு வேகத்தில் கிடைக்கிறது. நொடிக்கு 20 பிரேம் என்றால் 97 நிமிடம், 24 பிரேம் என்றால் 81 நிமிடம். எது சரி என்று அறிஞர்களுக்குள்ளேயே வாதம் நடக்கிறது. நான் 20இன் பக்கம். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் அந்த முகத்துக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைக்கிறது.

#11 பிலிம்சுருள்

நான் 24. அதில்தான் விசாரணையின் நெருக்கடி இருக்கிறது. 20இல் கிழவர்கள் தலையாட்டுவதுகூடச் சோம்பலாகத் தெரிகிறது. வெட்டு விழும் தாளமும் 24இல்தான் எனக்குச் சரியாக விழுகிறது.

இசை? 1994இல் ரிச்சர்ட் ஐன்ஹார்ன் இந்தப் படத்தை மனதில் வைத்து எழுதிய பெரிய சேர்ந்திசைப் படைப்பு இருக்கிறது. அழகானது. ஆனால் அது அழகாக இருப்பதே எனக்குத் தடங்கல். படத்தைத் தாங்கிப் பிடிக்கிறேன் என்று என் கையைப் பிடித்து இழுத்துப் போகிறது.

#12 கடலோரக்காரன்

ஒலியே இல்லாமல் பாருங்கள். பல வருடத்துக்கு முன்பு ஒரு சிறிய திரைப்படச் சங்கத்தில் போட்டார்கள். ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. ஏற்பாடு செய்தவர் மன்னிப்புக் கேட்டார், சிலர் எழுந்து போனார்கள், மிச்சம் இருபது பேர் உட்கார்ந்திருந்தோம். மின்விசிறிச் சத்தம் மட்டும். "பெரும் வெற்றி வரும் என்றாயே, எங்கே?" என்று மாசியூ கேட்கிறார். என் வேதசாட்சி மரணம்தான் அது என்கிறாள். விடுதலை? கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு உதடு அசைகிறது. சாவு. எங்கள் வரிசையில் யாரோ மூச்சை உள்ளிழுத்த சத்தம் கேட்டது.

பிரெஞ்சு இயக்குநர் கோதார்த் 1962இல் எடுத்த படத்தில் நடிகை அன்னா கரீனா கொட்டகையில் உட்கார்ந்து பார்த்து அழுவது இதே இடத்தைத்தான். அதுவும் சத்தமில்லாமல்.

#13 தெருவிளக்கு

நேற்று இரவு மறுபடி பார்த்தேன். ஒலியை அணைத்துவிட்டு, 20 பிரேம் பிரதி.

மாறாதது: கடைசிப் பத்து நிமிடம், மக்கள் கலவரம், சிப்பாய்கள் இரும்புக்குண்டுச் சங்கிலியால் அடிப்பது, பறவைகள், பால் குடிக்கும் குழந்தை, எல்லாம் எனக்கு இன்னும் ஒட்டவில்லை. வேறு படத்திலிருந்து வந்தது போல இருக்கிறது. அதில் மனம் மாறவில்லை.

மாறியது: தொடக்கத்திலேயே, உன் வயது என்ன என்று கேட்கிறார்கள். போன முறை இதைக் கவனிக்காமல் தாண்டிவிட்டேன். அவள் விரல்விட்டு எண்ணிப் பார்க்கிறாள். பத்தொன்பது என்று நினைக்கிறேன் என்கிறாள். என் ஆச்சியிடம் ரேஷன் கார்டுக்காக வந்தவர்கள் வயது கேட்டபோது, பெரிய புயல் அடித்த வருஷத்திலிருந்து இப்படித்தான் விரலை மடக்கி எண்ணினார். வந்தவர் சிரித்தார். ஆச்சி சிரிக்கவில்லை, தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

படத்திலும் எதிரே இருக்கிறவர்கள் சிரிக்கிறார்கள். அங்கேயே நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத்தான் மிச்சத்தைப் பார்க்க முடிந்தது.

#14 நேர்வகிடு

தெருவிளக்கு, கடைசிப் பத்து நிமிடத்தைப் பற்றி உங்களோடு சண்டை போட வேண்டும். ஆனால் இன்று வேண்டாம். பால் குடிக்கும் குழந்தைக்கு மட்டும் தனியாக ஒரு பதிவு எழுதுகிறேன். இரண்டு நாள் கொடுங்கள்.